காணி இல்லாதவர் எதை எழுதி வைப்பது?

எமது கிராமங்களில் தருமம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணிதான். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்த பின், இரண்டு பரப்பு வயலைக் கோயில் விளக்கெண்ணெய்க்கென்றோ, ஒரு பனங்காணியைப் பாடசாலைக்கென்றோ எழுதி வைத்தவர்களை நாம் அறிவோம். இடம்பெயர்ந்த கமக்காரருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. சிலரின் உறுதிகள் ஓட்டத்தில் தொலைந்தன. குடியேற்றத் திட்டங்களில் இருந்தவர்கள் பலருக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்தது அனுமதிப்பத்திரம் மட்டுமே. அந்தக் காணியை அரச அனுமதியின்றி எவருக்கும் நன்கொடையாக எழுத முடியாது. ஆகவே ஆயுட் காப்புறுதியைக் கொண்டு தருமம் செய்யலாமா என்று சிலர் கேட்கின்றனர். செய்யலாம். ஆனால் எல்லாரும் செய்யக்கூடியது அல்ல.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஏற்கெனவே உள்ள காப்புறுதியில் மனைவி பிள்ளைகளோடு ஒரு சிறுவர் இல்லத்தையோ முதியோர் இல்லத்தையோ பின்னுரித்தாளியாகச் சேர்த்து, இத்தனை வீதம் என்று எழுதுவது. இதைப் பிறகு மாற்றலாம் என்பதால் எம்மவர்க்கு இதுவே பொருந்தும். இரண்டாவது, தவணைப் பணம் முழுவதும் கட்டி முடித்த பழைய காப்புறுதியை அந்த நிறுவனத்தின் பெயருக்கே மாற்றிக் கொடுப்பது. கொடுத்தால் கொடுத்ததுதான், அவசரத்துக்கு அதன்மேல் கடனும் எடுக்க முடியாது. மூன்றாவது, தருமத்துக்கென்றே புதிய காப்புறுதி எடுப்பது. மாதச் சம்பளக்காரருக்கு இது சரிவரலாம். மழையை நம்பி விதைத்து, அறுவடையின் பின் கடன் அடைப்பவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

காரணம் தெளிவானது. தவணை தவறினால் பொதுவாக ஒரு மாதம் வரையே பொறுப்பார்கள்; அதன் பின் காப்புறுதி காலாவதியாகும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அப்படி நேர்ந்தால் கட்டிய பணத்தில் அனேகமாக ஒன்றும் திரும்பாது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறிய குடும்பங்களோ, 2009இல் வன்னியிலிருந்து உடுத்த உடையோடு முகாமுக்குப் போனவர்களோ தவணைப் பணத்தை நினைத்திருக்க முடியுமா? பணத்தின் பெறுமதியையும் பார்க்க வேண்டும். 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் பெரிதாகத் தெரிந்த ஒரு இலட்சம் ரூபா இன்று எத்தனை மூடை உரத்துக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆயுட் காப்புறுதியின் வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. றொபேட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு போதகர்கள், ஆண்டுதோறும் எத்தனை போதகர் இறக்கின்றனர், எத்தனை விதவைகள் எஞ்சுகின்றனர் என்று கணக்கெடுத்து, 1744 அளவில் ஸ்கொத்லாந்தில் ஒரு நிதியை நிறுவினர். அது விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமாக ஏற்பட்டது. அந்த ஒழுங்கை நாமும் மாற்றக் கூடாது. மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். கடைசிப் பிள்ளை படித்து முடியாத வீட்டில், காப்புறுதிப் பணத்தைக் கோயிலுக்கு எழுதுவதும் இதைச் சேர்ந்ததே. அப்படி ஒருவர் எழுத வந்தால் பங்குத்தந்தையே தடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் கரைசேர்ந்தவர்கள், பிள்ளைகள் இல்லாதவர்கள் தாராளமாகச் செய்யலாம். மனைவியிடம், அல்லது கணவனிடம், முதலில் சொல்லுங்கள். இறந்த வீட்டில் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியவந்தால், கொடுத்த தருமம் கோபமாகவே மிஞ்சும். பணம் பெறும் அமைப்பு சட்டப்படி பதிவு பெற்றதா என்றும் விசாரியுங்கள். பதிவில்லாத கோயிற் குழுவுக்குப் பணம் கொடுக்கக் கம்பனி மறுக்கக்கூடும். நிபந்தனைகள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுவதால், முகவர் வாயால் சொல்வதை விட்டு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தைப் பின்னுரித்தாளியாக ஏற்க மறுத்தால் மரணசாசனத்தில் எழுதலாம். அதற்கு ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். பயன்பெறுபவர் எவரும் சாட்சிக் கையொப்பம் இடக் கூடாது.

கையில் காப்புறுதியே இல்லாதவர்களுக்கு ஊர் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா சிறிது. செத்தவீட்டுச் செலவுக்குக் கிடைக்கும் பணமும் பெரிதல்ல. ஆனாலும் உறுப்பினர் விரும்பினால், செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கை முன்பள்ளிக்கோ குளத்து வாய்க்கால் திருத்தத்துக்கோ கொடுக்கலாம் என்று பொதுக்கூட்டத்தில் ஒரு விதி சேர்ப்பதில் தடை ஏதும் இல்லை. அதையும் உயிரோடிருக்கும்போதே குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

பழைய காப்புறுதி வைத்திருந்து பத்திரத்தைத் தொலைத்தவர்கள் அதைக் கைவிட வேண்டாம். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், அக்கால முகவரி ஆகியவற்றை எழுதிக் கம்பனியின் தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் சத்தியக் கடதாசியையும் கேட்பார்கள். புதிய பிரதி கிடைத்ததும் அதன் இலக்கத்தை வேறொரு வீட்டிலும் எழுதி வையுங்கள்.