விலைச்சீட்டில் இல்லாத விலை

புதிய தொலைக்காட்சிப் பெட்டியொன்றைக் கொள்வனவு செய்யச் செல்லும் நாம் திரையின் அளவையும் தவணைக் கட்டணத்தையும் உத்தரவாதக் காலத்தையும் விசாரிக்கின்றோம். அதனைத் தயாரித்த தொழிலாளரின் நிலை குறித்து எவரும் விசாரிப்பதில்லை.

தென்கொரியாவில் சம்சுங் நிறுவனத்தின் அரைகடத்தித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹுவாங் யூ-மி என்ற இளம்பெண் 2007ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயினால் உயிரிழந்தார். டாக்சிச் சாரதியான அவரது தந்தை நீதி கோரிப் போராடினார். நோயுற்ற ஏனைய தொழிலாளரின் குடும்பங்களும் அவருடன் இணைந்தன. அரைகடத்தி ஆலைகளிலும், தொலைக்காட்சிகளுக்கான எல்.சி.டி. திரைகளைத் தயாரிக்கும் ஆலைகளிலும் பாதிப்புற்றோரிடம் நிறுவனம் 2018 நவம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. ஒருவருக்கு 15 கோடி வொன் வரை நட்டஈடு வழங்கவும் அது இணங்கியது.

ஒரு வணிகப் பெயரைத் தவிர்ப்பதால் மாத்திரம் இதற்குத் தீர்வு கிட்டிவிடாது. ஒரு நிறுவனத்தின் பெட்டியினுள் மற்றொரு நிறுவனத்தின் திரை பொருத்தப்படுவது இத்துறையில் வழமையானதே. ஆகவே, எந்தப் பெயரைத் தெரிவு செய்தாலும், தொழிலாளர் கையாளும் இரசாயனங்கள் யாவை, நோயுற்றால் அவர்களுக்குப் பொறுப்பேற்பவர் யார் என நிறுவனங்களிடம் கேட்கும் கடமை நுகர்வோருக்கு உண்டு. அந்தத் தந்தை 11 ஆண்டுகளாக எழுப்பிய கேள்வியும் அதுவே.