555 புத்தகத்தில் முடங்கிய முதல்

முன்னட்டையில் '555' என்று அச்சிட்டிருக்கும், சட்டைப்பையில் அடங்கும் சின்னப் புத்தகம். மலேசிய ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அரிசி 10 கிலோ, சீனி 2, பருப்பு அரை, தேங்காய் ஒன்று, பிள்ளைக்கு பிஸ்கட் என்று பென்சிலால் எழுதிய வரிகள். சம்பள நாளன்று எல்லாவற்றையும் கூட்டி, கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே 'வரவு'. வரவைக் கழித்தபின் மிஞ்சுவது 'பழைய பாக்கி' என்ற பெயரில் அடுத்த பக்கத்தின் முதல் வரியாக ஏறிக்கொள்ளும். அந்த முதல் வரி சுழியமாக இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சுங்காய், துரோலாக், சிலிம் ரிவர், பீடோர் என்று தென்பேராக்கின் சிறுநகரங்களில் நம்மவர் மளிகைக் கடைகள் ஏன் குறைந்துபோயின என்று கேட்டால், பேரங்காடி வந்தது, விலையில் ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இது பாதி உண்மை. மீதிப் பாதி அந்தப் பாக்கி வரியில் இருக்கிறது. கடை நடத்தத் தேவையான முதல், அலமாரியில் சரக்காக இருக்க வேண்டிய பணம், நூறு வீட்டுப் புத்தகங்களில் பென்சில் எழுத்தாகக் கிடந்தது. இதைப் பேசாமல் மளிகைக் கடையின் எதிர்காலத்தைப் பேச முடியாது.

தோட்டக் கடையின் கதை கடனில்தான் தொடங்குகிறது. கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில் பல தோட்டங்களில் கடையும் கங்காணியின் கையிலோ அவருக்கு வேண்டியவர் கையிலோ இருந்தது. கப்பல் செலவுக்குக் கடன், கல்யாணத்துக்குக் கடன், அரிசி பருப்புக்கும் கடன். வேறு கடைக்குப் போக வழியில்லாத தொழிலாளி சொன்ன விலைக்கு வாங்கினார். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியபின் கங்காணியின் பிடி தளர்ந்தது. ஆனால் கடன் பழக்கம் தளரவில்லை. அதைப் பட்டணத்துக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று, கையில் காசில்லாத வாரங்களில் லயத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கடைகளால்தான்.

அப்போது அந்தக் கடனுக்கு ஒரு பிணையும் இருந்தது. வாங்குபவர் எங்கே வேலை செய்கிறார், எந்த லயத்தில் குடியிருக்கிறார், எந்தத் தேதியில் சம்பளம் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. வெட்டுமரத்தின் இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பார்த்துக்கொள்ளும் செம்பனை நின்றது. நம் குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தன. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் ஆலை 2003-இல் இயங்கத் தொடங்கியது. அதுபோன்ற ஆலைகளுக்குப் போகும் பிள்ளைகளின் சம்பளம் வங்கிக்கே போகிறது, செலவும் வழியிலேயே முடிந்துவிடுகிறது. பழைய கூட்டரசு சாலையில் போன பேருந்தும் லாரியும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு மாறின. 1994-இல் அந்த நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின், நின்று டீ குடித்து நாலு சாமான் வாங்கிப்போன வழிப்போக்கர் கூட்டமும் கடைத்தெருவுக்கு இல்லை. சம்பளத் தேதி தெரியாத, முகவரி மாறிக்கொண்டேயிருக்கும் வாடிக்கையாளருக்கும் கடைக்காரர் பழைய முறையிலேயே கடன் எழுதிக்கொண்டிருந்தார். பிணை போய்விட்டது, கடன் மட்டும் நின்றது.

எதிர்ப்பக்கத்தில் வளர்ந்த ஒரு கடையைப் பார்ப்போம். லீ தியாம் வா கிள்ளானில் 1987-இல் ஒரு சாதாரண மளிகைக் கடையைத் திறந்தார். சிறுவயதிலேயே போலியோ தாக்கி, சக்கர நாற்காலியில் வாழ்பவர். அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் 99 ஸ்பீட்மார்ட். 2024 செப்டம்பர் 9 அன்று புர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது அதன் கிளைகள் 2,600-ஐத் தாண்டியிருந்தன. பங்கு வெளியீட்டில் திரண்ட தொகை 236 கோடி ரிங்கிட். பிரான்சின் கார்ஃபூர் 1994-இல் வந்து 2012-இல் கடையை விற்றுவிட்டுப் போனது. பிரிட்டனின் டெஸ்கோ 2020-இல் தன் கடைகளைத் தாய்லாந்துக் குழுமத்திடம் விற்றுவிட்டது. பிரமாண்டக் கூடங்கள் கைமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், தாமான் முனையில் இரண்டு கடைவீடு அகலத்தில் உட்கார்ந்த கடை நாடெங்கும் பரவியது. இதில் நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி, வென்றது மளிகைக் கடையின் வடிவம்தான் என்பது. வீட்டுக்குப் பக்கத்தில், அன்றாடம் தேவைப்படும் சாமான் மட்டும், நுழைந்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே வரலாம். நாம் நூறு வருடமாகச் செய்துவந்த வியாபாரம் இது.

வேறுபாடு பணம் சுற்றும் திசையில் இருக்கிறது. பெரிய தொடர்கடைகள் சரக்கைத் தவணையில் வாங்குகின்றன. பால்மாவு வந்து, விற்று, காசு கல்லாவில் விழுந்த பிறகுதான் அனுப்பியவருக்குப் பணம் போக வேண்டிய நாள் வருகிறது. இடைப்பட்ட நாட்களில் அந்தப் பணத்தைக் கொண்டே அடுத்த சரக்கை வாங்கிவிடலாம். நம் கடைக்காரரோ மொத்த வியாபாரியிடம் ரொக்கமாகவோ குறுகிய தவணையிலோ வாங்கி, வாடிக்கையாளருக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் கடன் கொடுக்கிறார். அங்கே பிறர் பணம் கடைக்காக உழைக்கிறது; இங்கே கடைக்காரர் பணம் பிறர் வீட்டில் உறங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு. முப்பதாயிரம் வெள்ளி முதல் போட்ட கடை என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பாக்கியில் நிற்கிறது, இருபதாயிரத்துக்குச் சரக்கு இருக்கிறது. சரக்கு மாதம் ஒருமுறை விற்றுத் திரும்பி, நூற்றுக்குப் பத்து நின்றால் மாதம் இரண்டாயிரம். வாடகை, மின்சாரம் போக வீட்டுக்கு என்ன மிஞ்சும்? அதே இருபதாயிரம் சரக்கு, ஓடாத சாமானைக் குறைத்து மாதம் இருமுறை சுற்றினால் நாலாயிரம். விலையை ஒரு காசுகூட ஏற்ற வேண்டியதில்லை. பாக்கியில் பாதி வசூலாகி அதுவும் சரக்கானால் இன்னும் ஆயிரம். பல கடைகளில் மூன்று மாதம் தூசி படிந்து கிடக்கும் ஷாம்பு போத்தல்களையும் ஊதுபத்திப் பெட்டிகளையும் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அவை பொருள்கள் அல்ல, நின்றுபோன பணம்.

கட்டுப்பாட்டு விலைப் பொருள்களில் சிறுகடைக்குப் பெரிதாக எதுவும் நிற்பதில்லை. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 காசு, சீனி கிலோ 2 ரிங்கிட் 85 காசு. அவை கடைக்கு ஆளை அழைத்துவரும் சரக்கு, அவ்வளவே. சோப்புத்தூளிலும் பால்மாவிலும் தொடர்கடையோடு விலைப்போட்டிக்கு நிற்பது வீண்வேலை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: காலையில் பறித்த கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வெற்றிலை, நல்ல கருவாடு, இட்லி அரிசி, நல்லெண்ணெய், அமாவாசைக்கும் கார்த்திகைக்கும் வேண்டிய பூசைச் சாமான், தைப்பூசத்துக்குப் பால்குடம். இவற்றை எப்போது, எவ்வளவு வாங்கி வைப்பது என்பது ஊரையும் பண்டிகையையும் அறிந்தவருக்கே தெரியும். எங்கோ இருக்கும் தலைமையகத்தின் கணினிக்கு அவ்வளவு எளிதில் பிடிபடாது. தோட்டங்களில் இன்று வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களையும் வாடிக்கையாக்கிக்கொள்ள வேண்டும். கடுகெண்ணெய், மைசூர்ப் பருப்பு, கைப்பேசி ரீலோட் என்று அவர்கள் தேவை வேறு. ஊர்விட்டு ஊர் வந்து உழைப்பவனுக்கு என்ன வேண்டும் என்பதை நம்மைவிட யார் அறிவார்?

கொள்முதலில் மட்டும் தனித்தனியே நின்றால் தோல்விதான். சுங்காய்க் கடைக்காரர் ஐந்து மூட்டைக்கு விலை கேட்கிறார், துரோலாக் கடைக்காரர் மூன்று மூட்டைக்குக் கேட்கிறார். பத்துக் கடைகள் சேர்ந்து ஒரே லாரிக்கு விலை பேசினால் ஈப்போ மொத்த வியாபாரியின் பதில் வேறாக இருக்கும். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து திறந்த கூட்டுறவுக் கடை மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று நாலைந்து சாமான்களோடுதான் தொடங்கியது. கலப்படம் கிடையாது, கடனும் கிடையாது என்பது அவர்கள் விதி. சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்த வழியில் வந்ததுதான். நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்குக்குத் தவணை கட்டிய பால்வெட்டுத் தொழிலாளர்கள் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். தோட்டம் வாங்க முடிந்த சமூகத்தால் ஒரு லாரி அரிசியைச் சேர்ந்து வாங்க முடியாதா?

அரசாங்கமும் வழி எதுவும் காட்டாமல் இல்லை. 2011-இல் 'துக்கார்' என்ற சில்லறைக் கடை மாற்றத் திட்டம் வந்தது. மைடின், டெஸ்கோ போன்ற பெரிய கடைகளே சிறுகடைகளுக்கு அலமாரி அடுக்கும் முறையும் கணக்கு வைக்கும் முறையும் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு. விளக்கும் அலமாரியும் மாறிய கடைகள் உண்டு. ஆனால் பாக்கி புத்தகத்தை மாற்றாமல் அலமாரியை மட்டும் மாற்றினால் எத்தனை நாள் தாங்கும்?

இப்போது நடப்பது இன்னும் பெரியது. 2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயதை எட்டிய குடிமக்கள் அனைவருக்கும், ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, அடிப்படைப் பொருள் வாங்க அரசு தரும் 'சாரா' உதவி, தலா 100 ரிங்கிட், மைகாட் அடையாள அட்டையிலேயே ஏறியது. இதற்கு அரசு ஒதுக்கியது 200 கோடி ரிங்கிட். அரிசி, மாவு, முட்டை, மருந்து என 14 வகைப் பொருள்களுக்குச் செலவிட முடிந்தது. ஆனால் திட்டத்தில் பதிவு செய்த கடைகளில் மட்டும். தொடக்கத்தில் அப்படிப்பட்ட கடைகள் நாலாயிரத்துச் சொச்சம். வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் வரும் உதவியும் இதே வழியில்தான். நேற்றுவரை நம் கடையில் கடனுக்கு வாங்கிய அம்மா, கையில் ரொக்கத்துக்குச் சமமான அட்டை கிடைத்ததும், பதிவில்லாத நம் கடையைத் தாண்டிப் போய்ப் பேரங்காடியில் நிற்கிறார். கடன் நமக்கு, காசு அவர்களுக்கு. இந்த நிலை நீடிக்க விடக்கூடாது. அட்டை படிக்கும் கருவியும், பட்டைக்குறியீடு போட்ட சரக்கும், கணினிக் கல்லாவும் வேண்டும். இதற்குச் செலவு உண்டு. சிறுதொழிலுக்குக் கடன் தரும் தெக்குன் நிறுவனத்தின் கீழ் இந்திய வணிகர்களுக்கென்றே 'ஸ்பூமி' கடன் திட்டம் இருக்கிறது. அந்தக் கடனைக் கல்யாணத்துக்கும் காருக்கும் அல்லாமல் கல்லாவுக்கு வாங்க வேண்டும்.

கடனே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்த வாரத்தில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைக்கும் கடைக்காரரை எந்தப் பேரங்காடியும் தராது. ஆனால் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வேண்டும். பழைய பாக்கி தீராமல் புதிய பக்கம் திறக்கக்கூடாது. மொத்தப் பாக்கி, போட்ட முதலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதும் கையை நிறுத்த வேண்டும்.

சுங்காய் வட்டாரக் கடைக்காரர்களே, சாரா பதிவுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பக்கத்து ஊர்க் கடைக்காரரோடு உட்கார்ந்து அடுத்த மாதக் கொள்முதலைச் சேர்ந்து பேசுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பெற்றோர் வீட்டிலோ பழைய 555 புத்தகம் இருந்தால், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதில் பாக்கி நின்றால், அடுத்த தீபாவளிச் சாமான் வாங்குவதற்கு முன் அந்தக் கடைக்குப் போய்க் கட்டிவிட்டு வாருங்கள்.