பிட்காயின் நோடு: எந்த வாசல் திறந்திருக்கிறது?

கணினிப் படிப்பு படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், பழைய மடிக்கணினியில் 'பிட்காயின் கோர்' மென்பொருளை நிறுவிப் பழகுகிறார்கள். கிரிப்டோ நாணயம் மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்வியை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். வீட்டு வைஃபையில் ஓடும் அந்த நோடு எந்த முகவரியில் இணைப்புகளுக்காகக் காத்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

அதற்கு இரண்டு வாசல்கள். முதலாவது 8333 என்ற போர்ட். உலகெங்குமுள்ள மற்ற நோடுகள் வந்து பிளாக்குகளையும் பரிவர்த்தனைகளையும் பரிமாறிக்கொள்ளும் வாசல் இது. நாம் எதையும் மாற்றாவிட்டால் கணினியின் எல்லா முகவரிகளிலும் திறந்திருக்கும். 0.0.0.0 என்று எழுதுவதன் பொருள் இதுதான். ஒரே முகவரி போதுமென்றால் அமைப்புக் கோப்பில் 'பைண்ட்=' என்று எழுதி அதைக் கொடுக்கலாம். யாருமே வெளியிலிருந்து வர வேண்டாமென்றால் 'லிசன்=0'. அப்போதும் நோடு தானே வெளியே போய் மற்றவற்றுடன் இணைந்து வேலை செய்யும்.

இரண்டாவது, 8332 போர்ட்டில் இருக்கும் ஆர்பிசி. கவனம் வேண்டியது இங்கேதான். நோடுக்கு நாம் இடும் கட்டளைகள் இதன் வழியே வருகின்றன. பணப்பையிலிருந்து பணம் அனுப்பும் கட்டளையும் அதில் அடக்கம். ஆகவே இது 127.0.0.1 என்ற, அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரியில்தான் திறக்கும். 'ஆர்பிசிபைண்ட்' வரியை மட்டும் மாற்றினால் மென்பொருள் ஏற்காது. யாரை அனுமதிப்பது என்று 'ஆர்பிசிஅலோஐபி' வரியிலும் சொல்ல வேண்டும். இத்தனை தடை இருந்தும், கைபேசியிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டிலும் 'எல்லோரும்' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கடவுச்சொல் இருக்கிறதே என்பார்கள். அது மறைகுறியாக்கம் இல்லாமல்தான் பயணிக்கிறது.

எத்தீரியத்தில் இதன் விலை தெரிந்தது. அங்கே ஆர்பிசிக்கு 8545 போர்ட். அதை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த நோடுகளைத் தேடித் தேடி, ஒரு கும்பல் 38,642 ஈதர் சுருட்டியதாக 2018 ஜூனில் சீனாவின் 360 நெட்லேப் தெரிவித்தது. அன்றைய மதிப்பில் 2 கோடி டாலருக்கும் மேல். இதற்குப் பூட்டை உடைக்கும் வித்தை எதுவும் தேவைப்படவில்லை. திறந்த வாசல் வழியே வந்து கட்டளையிட்டால் போதுமாயிருந்தது.

வெளியூரிலிருந்து நோடைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் ஆர்பிசியைத் திறக்காமல் எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் போகலாம். ரவுட்டரில் 8332-ஐ ஒருபோதும் வெளியே திருப்பிவிடக் கூடாது. நோடு ஓடும்போது விண்டோஸில் 'நெட்ஸ்டாட்', லினக்ஸில் 'எஸ்எஸ்' கட்டளையைக் கொடுத்துப் பிள்ளையிடமே காட்டச் சொல்லுங்கள். 8332 இருக்கும் வரியில் 127.0.0.1 அல்லது ::1 தெரிந்தால் சரி. 0.0.0.0 என்றிருந்தால் அமைப்புக் கோப்பைத் திருத்திவிட்டு நோடை மீண்டும் தொடங்க வேண்டும்.