கடிகார மணியும் தொழுகை வேளையும்

1945 அக்டோபர் 15 அன்று இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தப்பட்டன. இரண்டாம் உலகப் போரை முன்னிட்டு 1942 செப்டம்பர் 1 முதல் அவை ஒரு மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தன. மேலை நாடுகள் பலவற்றில் இலையுதிர் காலந்தோறும் நிகழும் இம்மாற்றம் நம் நாட்டில் அதன்பின் நிகழவில்லை.

அந்த மூன்றாண்டு இடைவெளியில் நான்கு ரமளான்கள் வந்து சென்றன. 1942 செப்டம்பரில் நோன்பு தொடங்கிய நாட்களில், கோபிசெட்டிபாளையத்தில் கதிரவன் மறைகையில் கடிகாரம் 7.20ஐத் தாண்டியிருக்கும். உச்சி சாய்ந்ததோ பகல் 1.15க்குப் பிறகு. பழைய வழக்கப்படி 1 மணிக்கே ளுஹர் தொழுதிருந்தால், அது வக்துக்கு முந்திய தொழுகை. தொழுகையை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்கிறது அந்நிஸா அத்தியாயம் (4:103). பிந்தியதைக் களாவாக நிறைவேற்றலாம். முந்தித் தொழுததோ கடமையில் சேராது, வக்து வந்தபின் மீண்டும் தொழவேண்டும்.

போர்க்கால மணி அரசாணையால் வந்தது என்பதை அன்று அனைவரும் அறிந்திருந்தனர். இன்றைய மணியும் அத்தகையதே என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1906 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் திட்ட நேரம், கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையைச் சார்ந்தது. கோபி ஏறத்தாழ 77.4 பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாகக் கணக்கிட்டால், இங்கு கதிரவன் உச்சியை அடைவது சராசரியாக 20 நிமிடம் பிந்தி. பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. ஆகவே நவம்பர் தொடக்கத்தில் 12.04க்கு நேரும் நண்பகல், பிப்ரவரி நடுவில் 12.34க்குத் தள்ளிப்போகிறது. கடிகார முள்ளை எவரும் தொடாமலேயே அரை மணி நேர வேறுபாடு! வீட்டில் ஆண்டு முழுதும் 12.30க்கே ளுஹர் தொழும் பெரியவர்கள் பிப்ரவரியைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

நோன்பு திறப்பதில் பொறுப்பு இன்னும் கூடுதல். சென்னையில் உச்சி சாய்ந்து 11 நிமிடம் கழிந்த பின்னரே கோபியில் சாய்கிறது. அஸ்தமனமும், பருவத்துக்கேற்பச் சில நிமிடங்கள் கூடியும் குறைந்தும், அவ்வாறே பிந்துகிறது. சென்னையின் மஃரிப் பாங்கை வானொலியில் கேட்டு இங்கே நோன்பு திறப்பவர், பகல் வெளிச்சத்திலேயே திறந்துவிடுகிறார்.

ஐயமுற்றோர் முற்றத்தில் ஒரு கோலை நட்டுப் பார்க்கலாம். நிழல் மிகக் குறுகி மீண்டும் நீளத் தொடங்குவதே ளுஹரின் தொடக்கம். ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்டு 22, 23ஐ ஒட்டியும் கோபியில் கதிரவன் தலைக்கு நேர்மேலே வருவதால், நண்பகலில் கோலுக்கு நிழலே இராது. அஸருக்கு ஃபிக்ஹு நூல்கள் கழிக்கச் சொல்லும் நண்பகல் நிழலும் அந்நாட்களில் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபினருக்குக் கோலின் அளவே நிழல் வந்தால் அஸர், ஹனஃபிகளுக்கு அதன் இரு மடங்கு.