மருதத்தின் திரிபும் அறத்தின் வினாவும்

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் தொழிலையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். நிலம் கெடின் விளைவு மட்டுமன்றி வழிபாடும் வாழ்க்கை முறையும் உடன் கெடும் என்பது இவ்வமைப்பினின்றும் பெறப்படும். இற்றை நாள் சுற்றுச்சூழற் கேட்டினை ஆராய்வார்க்கு இது தக்கதொரு தொடக்கமாகும்.

பாலைக்கு அவர் தனிநிலம் வகுத்திலர். வேனில் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு இழந்து பாலையாதலைச் சிலப்பதிகாரம் கூறும். அத்திரிபு ஞாயிற்றால் வருவது. மழை பெய்யின் நீங்குவது. ஆதலின் ஆண்டுப் பழிக்கு உரியார் எவரும் இலர். மருதம் அவ்வாறு திரிதலை அந்நூல் ஈண்டுக் கூறிற்றில்லை.

நம் காலத்திலோ மருதமும் திரியக் காண்கின்றோம். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் அமைந்த கூத்தாநல்லூரைச் சான்றாகக் கொள்வோம். குறுவைக்காக மேட்டூர் அணையைச் சூன் 12ஆம் நாள் திறத்தல் மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இல்தான் அம்மரபு மீண்டது. இதனிடையே, அண்மையிலுள்ள மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையினின்று மீத்தேன் எடுக்க 2010இல் உரிமை வழங்கப்பட்டது. அவ்வளியை வெளிக்கொணரப் படுகையிலுள்ள நீரை முதற்கண் இறைத்தல் வேண்டும். கடலை அடுத்த நிலத்தில் நிலத்தடி நீர் தாழின் உவர்நீர் உட்புகும். உழவர் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2020இல் இயற்றப்பெற்ற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் புதிய எண்ணெய், எரிவளிப் பணிகளைத் தடுக்கின்றது. முன்னரே நடைபெற்று வருவனவற்றைத் தடுப்பதில்லை.

இத்திரிபில் மழை பொய்த்தலுக்கும் பங்குண்டு. மக்கள் கைக்கும் பங்குண்டு. ஆகவே பழி யாருடையது என்னும் வினா எழுகின்றது. தலைமடையார் கடைமடையார்க்குக் கடப்பட்டவரா? இன்று வாழ்வோர் இனிப் பிறப்போர்க்குக் கடப்பட்டவரா? வாய்க்கால் வறண்டபோது ஆழ்துளைக் கிணற்றால் நீர் இறைக்கும் சிற்றுழவனும் நிலத்தடி நீரைக் குறைக்கின்றான். எனினும் பசியால் இறைப்பவனையும் ஊதியம் கருதி இறைப்பவனையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் அறமாகாது.

இவ்வினாவிற்குக் கருப்பொருட் கொள்கை பாதி விடையே தருகின்றது. மக்களும் நிலத்தைச் சார்ந்தவர் என்று அது உணர்த்தும். கெடுத்தவன் யார்க்கு விடையிறுத்தல் வேண்டும் என்று உணர்த்தாது. எஞ்சிய பாதியை, இசுலாமியர் பெருந்தொகையினராக வாழும் கூத்தாநல்லூரில் வழங்கும் ‘அமானிதம்’ என்னும் சொல் தருகின்றது. நம்பி ஒப்படைக்கப்பட்டுக் குறைவின்றித் திருப்பி அளித்தற்குரிய பொருளே அமானிதம். நிலம் அத்தகையது எனின், அதனை உடையவனும் காவலனேயன்றி முற்றுரிமையுடையான் அல்லன். ஒப்படைத்தவன்முன் அவன் கணக்குக் காட்டுதற்கு உரியன்.

முன்னது உறவைக் கூறும். பின்னது பொறுப்பைக் கூறும். உறவு மட்டும் கொண்டார் கேட்டினைக் கண்டு வருந்தி அமைவர்; பொறுப்பும் கொண்டார் அதனைத் தடுக்க முற்படுவர். திரிந்த மருதம் மழையால் மட்டும் மீளாது; இவ்விரு கருத்தும் ஒருங்கே வேண்டும் என்பது நம் துணிபு.