பழைய காரின் பல்லைப் பிடித்துப் பாருங்கள்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தெருவில் நின்ற கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து, சீட் உறையை மாற்றி, சென்ட் அடித்து நிறுத்தினால் அதுவும் நல்ல வண்டிதான், பார்வைக்கு.

இதே மாவட்டத்தின் பனமலை, அன்னியூர், செஞ்சி வட்டாரத்தில் முதன்முதலாகக் கார் வாங்கும் பல குடும்பங்களுக்கு அது செகண்ட் ஹேண்ட் கார்தான். வாங்கப் போகிறவர் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார், ஏ.சி. போட்டுப் பார்ப்பார், எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். கியர் பாக்ஸை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசாத ஊர்க்காரர்கள் நாம். காருக்குப் பல் என்றால் அது கியர் ஆயில்தான்.

எஞ்சின் ஆயிலை ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றிவிடுகிறார்கள். கியர் ஆயில் அப்படியல்ல. கியர் பாக்ஸுக்குள் நெருப்பு எரிவதில்லை, கரி சேர்வதில்லை என்பதால் அதன் ஆயுள் அதிகம். அந்த நம்பிக்கையில், கம்பெனியில் ஊற்றிய ஆயிலோடேயே இரண்டு மூன்று கை மாறிவிடும் வண்டிகள் உண்டு. சிறிய கார்களில் அது சுமார் 2 லிட்டர்தான். ஆனால் எஞ்சினின் மொத்த இழுவையும் அந்த 2 லிட்டரை நம்பித்தான் சக்கரத்துக்குப் போகிறது.

இரண்டு பல்சக்கரங்கள் கவ்வும் இடத்தில் ஊசிமுனை அளவு பரப்பில்தான் பாரம் முழுவதும் இறங்குகிறது. அங்கே அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 10,000 மடங்கு. இரும்பும் இரும்பும் உரசி நொறுங்க வேண்டிய இடம் அது. நொறுங்காமல் காப்பது இடையில் நிற்கும் ஆயில் படலம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் குறைவு. இவ்வளவு மெல்லிய படலம் பிதுங்கி ஓடாமல் எப்படி நிற்கிறது? அந்த அழுத்தத்தில் ஆயில் கண நேரத்துக்குக் கெட்டிப்பட்டுவிடுகிறது. பல்லின் இரும்பும் நூலளவு அமுங்கி இடம் கொடுக்கிறது. இந்தக் கணக்கை 1959-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் டங்கன் டவ்சன், கோர்டன் ஹிக்கின்சன் இருவரும் போட்டுக் காட்டினார்கள்.

இந்தப் படலத்துக்கு முதல் எதிரி தண்ணீர். கியர் பாக்ஸின் மேல்புறம் மூச்சு விடுவதற்கென்று 'பிரீதர்' என்ற சிறு துவாரம் இருக்கும். ஓடிச் சூடான பெட்டிக்குள் காற்று 90 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டி தண்ணீரில் இறங்கி, 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று ஆறில் ஒரு பங்கு சுருங்கும். பிரீதர் தண்ணீருக்கடியில் இருந்தால், அந்த இடத்தை நிரப்ப அதன் வழியே வெள்ளநீரை உறிஞ்சிக்கொள்ளும். ஏரிக்கரைச் சாலையில் முழங்கால் தண்ணீரைக் கடந்து வந்த வண்டி நன்றாக ஓடுவதாலேயே தப்பித்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஆயிலை இறக்கிப் பார்க்க வேண்டும். வண்டியைச் சற்று ஓட்டி ஆயில் இளஞ்சூடானதும், சமதளத்தில் நிறுத்தி, "அண்ணே, முதல்ல ஊத்துற நட்டைக் கழட்டுங்க, அப்புறம் கீழ் நட்டு" என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மேல் நட்டு துருப்பிடித்துத் திறக்காமல் போனால், இருந்த ஆயிலையும் இறக்கிவிட்டு வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டிவரும்.

வழிந்து வருவதை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். கறுத்திருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பால் கலந்த காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பொன்துகள் மின்னினால் கியரைச் சத்தமின்றி விழவைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. பல வண்டிகளில் கீழ் நட்டில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். நகத்தில் குத்தும் சில்லு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் கண்டால் விலையைக் குறையுங்கள் அல்லது விலகுங்கள்.

அடுத்தது, எந்த ஆயிலை ஊற்றுவது. கரும்பு டிராக்டர் ஓடும் ஊர்களில் எல்லா ஷெட்டிலும் 'தொண்ணூறு ஆயில்' என்ற கெட்டி ஆயில் இருக்கும். டிராக்டருக்கு அது சரி, காருக்கு எப்போதும் சரியல்ல. இன்றைய கார்களில் பல 75டபிள்யூ-80 போன்ற மெல்லிய ஆயிலைக் கேட்கின்றன. கெட்டியானதை ஊற்றினால் காலையில் கியர் முரண்டு பிடிக்கும். டப்பாவில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்றும் போட்டிருக்கும். 5 பெரிது என்பதால் அதுதான் உயர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பின்சக்கர வண்டிகளின் டிஃபரன்ஷியல் தாங்கும் கடும் உரசலுக்காக ஜி.எல்.5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஏறத்தாழ இரு மடங்கு. இரும்பைக் காக்கும் அதே கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். உரிமையாளர் கையேட்டில் ஜி.எல்.4 என்று இருந்தால் ஜி.எல்.4-தான்.

ஆயிலால் தீராத நோய் கிளட்ச். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. நகர நெரிசலில் கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டப்பட்ட வண்டிகளில் இதைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

2014-இல் செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய, தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வண்டியில், உள்ளே இருப்பது சாதாரண கியர் பாக்ஸ்தான். கியர் ஆயிலைப் பற்றி மேலே சொன்னவை அதற்கும் பொருந்தும். டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் வேறு சாதி. அதன் ஆயில் உயவு போடுவதோடு, அழுத்தம் கொடுத்து கியரையும் மாற்றுகிறது. சூடு 10 டிகிரி கூடினால் அது கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒருமுறை இறக்கினால் பாதியோ அதற்கும் குறைவோதான் வெளியே வரும். மீதி கன்வர்ட்டரிலேயே தங்கும். எனவே சில நூறு கி.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவதே பாதுகாப்பு. சி.வி.டி. என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்குக்கு அதற்கென்றே உள்ள ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது.

பழைய கார் வாங்கிய வாரமே கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதி, ஓடிய கி.மீ., ஆயிலின் தரம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் வண்டிக்கு நல்ல விலை பேசித்தரப் போவது அந்தத் தாள்தான்.