பேத்திக்கு ஒரு சிறுதேர்

30 வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழ் நடத்தியவள் நான். கடைசி மூன்று பருவங்களைக் கரும்பலகையில் ஆண்பால், பெண்பால் என்று கோடு போட்டுப் பிரித்து, "ஒரு மார்க் கேள்வி, குறிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பேத்திக்கு நானே ஒன்று எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தக் கோட்டில் மாட்டிக்கொண்டேன்.

ஒருவரைக் குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் எல்லாப் பிள்ளைக்கும் பொது. (அம்புலி புலி என்பார்கள். நிலாவைக் கெஞ்சியும் மிரட்டியும் விளையாடக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.) எட்டாவதில் வழி பிரியும். பையனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சில நூல்களில் கழங்கு.

சிற்றில் என்பது சிறுமிகள் மணலில் கட்டும் வீடு. அது எப்படி ஆண்பாலுக்குப் போனது? அதைக் காலால் எத்தி அழிப்பதுதான் பையனின் விளையாட்டு. உடைக்காதே என்று கட்டியவர்கள் கெஞ்சுவதே பத்துப் பாட்டும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அவள் யார் வீட்டையும் உடைப்பதில்லை. பெண்ணியக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தவள்தான். இது என் கண்ணில் படவேயில்லை.

17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சிக்குப் பாடினார். படையோடு திக்குவிஜயம் போன பாண்டிய அரசி அவள். அவளுக்கும் கடைசியில் ஊசல்தான். அந்த ஊசலில் நானும் சொக்கிப்போனவள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேத்திக்கு மூன்று வயது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் சணல் கட்டி, உள்ளே ஒரு வெங்காயத்தை உட்கார வைத்து, கூடத்துக்கும் அடுப்படிக்கும் இழுத்துக்கொண்டு திரிகிறாள். வாசப்படியில் கவிழ்ந்தால் திட்டு வெங்காயத்துக்கு. இதை எந்தப் பருவத்தில் வைக்க?

கூட வேலை பார்த்த தமிழய்யாவுக்குப் போன் போட்டேன். "பாட்டியல் இலக்கணம் இடம் குடுக்காது டீச்சர். வேணும்னா ஊசல்ல ஒரு தேரை உவமையா நுழைச்சிருங்க" என்றார்.

"உவமையில ஏத்துனா ஓடாதே அய்யா."

சிரித்துவிட்டு, சீர் எண்ணிக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நீராடலை எடுத்துவிட்டேன், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தெருவே கூடும். அந்த இடத்தில் சிறுதேர். ஆசிரிய விருத்தத்தில் ஆறு பாட்டு முடிந்திருக்கிறது. நேற்று சணல் அறுந்துபோய், என் பழைய சுங்குடிச் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிக் கொடுத்தேன். ஏழாவது பாட்டில் அந்தக் கரைக்கு இடம் பார்க்கிறேன், சந்தம் இடிக்கிறது.